பாதரசம் இல்லாத விளக்கு

தென் அந்தமானின் சிப்பிகாட்டில் 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றது. அத்தகைய நீரோரத்தில் பழைய குழல்விளக்கை உடைத்தெறிவது சிறு செயலன்று. அதிலுள்ள சில மில்லிகிராம் பாதரசம் அழிவதில்லை. சேற்று நுண்ணுயிர்களால் நச்சு மிகுந்த மெத்தில் பாதரசமாகி, மீன் வழியே நம் உணவிற்கே திரும்பி வரக்கூடும்.

பாதரசம் அங்கே எதற்கு? அதன் ஆவியில் மின்சாரம் பாய்கையில் 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் பிறக்கிறது. குழலின் உட்பூச்சு அதனை நாம் காணும் ஒளியாக்குகிறது. இப்பணியைச் செனான் வாயுவும் செய்யும். தனித்திருக்கும் இயல்புடைய அதன் அணுக்கள், மின்கிளர்ச்சியில் கணப்பொழுது இணைந்து பிரியும்போது 172 நானோமீட்டர் கதிரை உமிழ்கின்றன. இராஜஸ்தானத்துப் பிலானியிலுள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் பாதரசமற்ற பிளாஸ்மா விளக்குகளை உருவாக்க முயன்றுள்ளது.

குறையும் உண்டு. செனான் கதிரின் ஆற்றல் மிகுதி. ஆதலால் அதனை வெள்ளொளியாக்குகையில் வீணாவதும் மிகுதி. வீட்டு விளக்கிலோ எல்.இ.டி. முந்திக்கொண்டது. ஆயினும் குடிநீரில் கிருமி கொல்லும் விளக்குகள் பல இன்றும் பாதரசத்தையே நம்பியுள்ளன. உட்பூச்சை மாற்றிச் செனானை அங்கே அமர்த்துவதே தக்கது என்பது நம் கருத்து.

மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. குழல்விளக்கு உற்பத்தியை 2027-க்குள் நிறுத்துவதென 2023 மாநாட்டில் முடிவாயிற்று. வீட்டில் எஞ்சிய குழல் உடைந்தால், சன்னலைத் திறந்துவிட்டுச் சற்று விலகியிருந்து, துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்தாளால் ஒற்றியெடுத்து மூடிய புட்டியில் இடுக.