கையுவான் கோயிலின் பின்வாசல் தூண்கள்

குழுவாகச் சீனா போகும் நம்மவர்கள் பெய்ஜிங், ஷாங்காய், சியான் என்று மூன்று ஊர் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஃபூஜியான் மாகாணக் கடற்கரையில் இருக்கும் சுவான்சோவுக்கு அதில் இடமே கிடைப்பதில்லை. தமிழர்கள் முதலில் போக வேண்டிய சீன நகரம் அதுதான் என்பேன்.

மார்கோ போலோ 'சைத்தூன்' என்று எழுதிய துறைமுகம் இது. அலெக்சாந்திரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் போனால் இங்கே நூறு வரும் என்பது அவர் கணக்கு. அரபு, பாரசீக, தமிழ் வணிகர்கள் கூடிய இந்த ஊரை யுனெஸ்கோ 2021-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

காலையில் எல்லாக் குழுக்களும் கையுவான் கோயிலுக்குத்தான் போகும். 686-ல் தொடங்கிய பௌத்தக் கோயில். வாசலைத் தாண்டியதும், 13-ஆம் நூற்றாண்டின் இரண்டு கற்கோபுரங்கள். 1604-ல் வந்த பெரும் நிலநடுக்கத்திலும் விழாமல் நின்றவை. கொடி பிடித்த வழிகாட்டி அங்கே எல்லோரையும் நிறுத்திப் படம் எடுக்கச் சொல்வார். கொடுத்த நேரத்தில் பாதி அதிலேயே போய்விடும். தயவுசெய்து அவரைப் பெரிய மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

அங்கே பதினாறு பட்டைகள் கொண்ட இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. வட்ட வட்டமான புடைப்புச் சிற்பங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர், கண்ணனின் லீலைகள். உருவங்கள் சோழ மரபு; உளி பிடித்தவர்கள் உள்ளூர்ச் சிற்பிகள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இடிந்துபோன இந்துக் கோயிலொன்றின் தூண்களை மிங் அரசர் காலத் திருப்பணியில் இங்கே கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். நம் புராணம் செதுக்கிய கல்லை உடைத்து அடித்தளத்துக்குப் போடாமல் புத்தர் மண்டபத்துக்கே தூணாக்கினார்களே, அந்தப் பெருந்தன்மை என்னை நெகிழ வைக்கிறது.

இந்த ஊரில் சிவன் கோயில் இருந்ததற்குக் கல்வெட்டே சாட்சி. 1281-ல் சம்பந்தப் பெருமாள் என்பவர், மங்கோலியக் கானின் நலனுக்காக இறைவனை எழுந்தருளச் செய்ததைத் தமிழில் வெட்டி, கீழே சீன எழுத்தும் சேர்த்திருக்கிறார்.

கோயில் வளாகத்திலேயே, 1974-ல் கடலோரச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சோங் காலக் கப்பல் இருக்கிறது. குறுக்குப் பலகைகளால் 13 அறைகளாகப் பிரித்த அடிப்பகுதி. ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்ற அறைகளில் தண்ணீர் புகாது. மிளகும் பாக்கும் வாசனைக் கட்டைகளும் சோழியும் அதில் கிடைத்தன.

அடுத்து 1009-ல் கட்டிய சிங்ஜிங் பள்ளிவாசல். அதை ஒட்டியே குவாந்தி கோயிலில் ஊதுபத்திப் புகை. மதியத்துக்கு மேல் ஷுன்பு மீனவர் கிராமம்: சிப்பி ஓடுகளை அடுக்கிய வீட்டுச் சுவர்கள், கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூச்சரம் சுற்றிய பெண்கள். வாடகைக்கு உடையும் பூவும் வாங்கிப் படம் எடுக்கக் கூட்டம் அலைமோதும். அரைமணி நேரம் போதும்.

மாலையில் லோயாங் பாலம் போகலாம். கடல்நீர் ஏறி இறங்கும் முகத்துவாரத்தில் 1053-ல் தொடங்கி 1059-ல் முடித்த கல்பாலம். அடித்தளக் கற்கள் பிரியாமலிருக்க அவற்றின் மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். அவை கல்லோடு கல்லை ஒட்டிப் பிடித்துக்கொண்டன. படகு முனைபோல் கூராக்கிய தூண்கள் நீரின் வேகத்தைப் பிளக்கின்றன. கடல்நீர் வற்றும் நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். ஏற்றத்தில் போனால் பாலத்தின் மேல்தளம் மட்டும்தான் தெரியும்.