பிரெஞ்சு பேசுவோம் – 5: போன்ஜூர் முதல் ஓ ருவார் வரை

பிரான்சில் ரொட்டிக் கடையோ மருந்துக் கடையோ, எங்கே நுழைந்தாலும் முதலில் சொல்ல வேண்டியது 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் நேரே விலை கேட்பது மரியாதைக் குறைவாகப் படும். 'போன்' என்றால் நல்ல, 'ஜூர்' என்றால் நாள். ஆங்கிலத்தில் 'குட் மார்னிங்', 'குட் ஆஃப்டர்நூன்' என்று பிரித்துச் சொல்வதற்கு இங்கே ஒரே சொல் போதும். இதில் வரும் ஜகரத்தை அழுத்தக் கூடாது. 'மெஷர்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவே கேட்கும் மெல்லிய ஒலிதான் அது.

மாலையானதும் வணக்கம் 'போன்சுவார்' ஆகிவிடும். 'குட் ஈவினிங்' என்று பொருள். 'போன் நுயி' என்பதற்கு 'குட் நைட்' என்று பொருள் சொன்னாலும், தூங்கப் போகும் நேரத்தில்தான் அதைச் சொல்வார்கள். இரவு உணவகத்திலிருந்து கிளம்புகிறவர் சொல்வது 'போன் சுவாரே', அதாவது மாலைப்பொழுது இனிதாகட்டும் என்று.

நீயா, நீங்களா?

ஆங்கிலத்தின் 'யூ' பிரெஞ்சில் இரண்டாகப் பிரியும். குடும்பத்தார், நண்பர்கள், குழந்தைகளிடம் 'த்யூ'. அறிமுகமில்லாதவர், கடைக்காரர், அதிகாரியிடம் 'வூ'. பலரைச் சேர்த்துப் பேசும்போதும் 'வூ'தான். நீ, நீங்கள் என்று பேசிப் பழகிய தமிழருக்கு இது சிரமமாக இராது. ஆனால் பிரெஞ்சுப் பிள்ளைகள் தாய் தந்தையரைப் பொதுவாக 'த்யூ' என்றே அழைப்பார்கள். அதில் அவமரியாதை ஏதும் இல்லை.

நலம் விசாரிப்பதிலும் இந்த வேறுபாடு உண்டு. நெருங்கியவர்களிடம் 'ஸ வா?' என்றால் போதும். 'ஹவ்ஸ் இட் கோயிங்' என்பதற்கு இணையானது. பதிலும் அதே 'ஸ வா'தான். குரலின் ஏற்ற இறக்கம்தான் கேள்வியையும் பதிலையும் பிரித்துக் காட்டும். மரியாதையாகக் கேட்பதற்கு 'கொமான் தலே வூ?', அதாவது 'ஹவ் ஆர் யூ'. 'சல்யூ' நண்பர்களுக்கிடையே மட்டும் புழங்குவது. சந்திக்கும்போது 'ஹாய்', பிரியும்போது 'பை'.

கேட்பதும் நன்றி சொல்வதும்

'ப்ளீஸ்' என்பதற்கு 'சில் வூ ப்ளே'. உங்களுக்கு விருப்பமானால் என்பது நேர்ப்பொருள். நெருங்கியவரிடம் 'சில் த ப்ளே'. ஆங்கில அழைப்பிதழ்களில் காணும் 'ஆர்.எஸ்.வி.பி.' என்பது 'ரெபோந்தே சில் வூ ப்ளே', அதாவது தயவுசெய்து பதில் தாருங்கள் என்ற பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம். 'ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி.' என்று அச்சிட்டால் தயவுசெய்து இருமுறை வந்துவிடும்.

'மெர்சி' என்றால் நன்றி, 'மெர்சி போக்கூ' என்றால் மிக்க நன்றி. விருந்தில் ஒன்றை எடுத்து நீட்டும்போது வெறும் 'மெர்சி' சொன்னால், 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளவும் கூடும். வேண்டுமானால் 'வி, மெர்சி' என்றும், வேண்டாமென்றால் 'நோன், மெர்சி' என்றும் சொல்வது குழப்பம் தராது.

நன்றிக்குப் பதிலாக 'யூ ஆர் வெல்கம்' என்ற பொருளில் 'த ரியான்' என்பார்கள். ஒன்றுமில்லை என்பது நேர்ப்பொருள். மரியாதையான வடிவம் 'ஜ வூஸான் ப்ரீ'. தெற்கே துலூஸ் பக்கம் 'அவெக் ப்ளேசீர்', அதாவது மகிழ்ச்சியோடு, என்று கேட்கலாம். கனடாவின் கியூபெக்கில் 'பியன்வென்யூ' என்பார்கள்; பிரான்சில் அந்தச் சொல் வருகிறவரை வரவேற்பதற்கு மட்டுமே உரியது.

மன்னிப்பும் விடைபெறுதலும்

கூட்டத்தில் வழி கேட்கவோ, தோள் இடித்துவிட்டாலோ 'பார்தோன்' போதும். ஒருவரை நிறுத்தி விவரம் கேட்க 'எக்ஸ்க்யூசே முவா', ஆங்கிலத்தின் 'எக்ஸ்க்யூஸ் மீ'. வருத்தம் தெரிவிக்க 'தேசோலே', 'சாரி'.

கிளம்பும்போது 'ஓ ருவார்', ஆங்கிலத்தில் 'குட்பை'. மீண்டும் பார்க்கும் வரை என்பது நேர்ப்பொருள். சீக்கிரம் சந்திப்போம் என்றால் 'ஆ பியாந்தோ', நாளைக்கு என்றால் 'ஆ துமேன்', அன்றைக்கே சற்றுப் பொறுத்து என்றால் 'ஆ தூதலேர்'. கடைக்காரர் கூடவே 'போன் ஜூர்னே' என்பார், 'ஹேவ் எ நைஸ் டே' போல. வாங்கியவர் அதையே திருப்பிச் சொல்லலாம்.

(தொடரும்)