பருந்துகளை எண்ணுவோம்

பெங்களூருக்குத் தெற்கே ஓசூர்ச் சாலையில் அமைந்த ஹெப்பகோடியில், தொழிற்சாலைகளை நாடி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. புரட்டாசியில் மழை சற்றே ஓய்ந்து வெயில் தெளியும் முற்பகலில் அவர்கள் அண்ணாந்து நோக்கினால், பருந்துகள் வட்டமிடக் காணலாம். இவற்றை எண்ணுவதால் யாது பயன் என்று நேயர்கள் வினவுதல் இயல்பே.

விடையைப் பாறுகளின் வரலாறு கூறுகிறது. பிணந்தின்னிக் கழுகு எனப்படும் இப்பறவை முன்னர் நாடெங்கும் மலிந்திருந்தது. மலிந்திருந்தமையாலேயே அதனை எண்ண வேண்டும் என்று பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. 1990-களில் பரத்பூரில் ஆய்வாளர் விபு பிரகாஷ், தாம் முன்பு எடுத்த கணக்கைப் புதிய கணக்குடன் ஒப்பிட்டபோதுதான் அழிவின் அளவு வெளிப்பட்டது. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையே நூற்றுக்கு 99-க்கும் மேலாகக் குறைந்துபோயிற்று. மாடுகளின் வலி தீரக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் மருந்தே காரணம் என்பது 2004-இல் தெளிவாயிற்று. அம்மருந்து தங்கிய மாட்டின் உடலை உண்ட பாறுகள் சிறுநீரகம் பழுதுற்று மடிந்தன. 2006-இல் அரசு, கால்நடைக்கான அம்மருந்தைத் தடுத்தது. ஹெப்பகோடிக்கு மேற்கே ராமநகரத்துப் பாறைக் குன்றில் 2012-இல் பாறுகளுக்குப் புகலிடம் அமைந்தபோது, அங்கு எஞ்சியவை மிகச் சிலவே.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஹாக் மவுண்டன் என்னும் மலையில், வலசை செல்லும் பருந்துகளை வேட்டையாடுவோர் சுட்டு வீழ்த்தி வந்தனர். 1934-இல் ரோசலி எட்ஜ் அம்மையார் அம்மலையைக் குத்தகைக்குப் பெற்றுக் காவலிட்டார். அவ்வாண்டில் தொடங்கிய இலையுதிர்காலக் கணக்கில், பின்னாளில் இளங்கழுகுகள் அருகி வருவது புலப்பட்டது. பூச்சிமருந்துகளின் தீமையை விளக்கிய ரேச்சல் கார்சன், 1962-இல் வெளிவந்த தம் நூலில் இக்கணக்கைச் சான்றாகக் காட்டினார்.

எண்ணும் முறை எளிது. நிலம் சூடேறி வெங்காற்று மேலெழும்போது, பருந்துகள் சிறகசைக்காமலே உயர்கின்றன. ஆதலால் காலை ஒன்பது மணி முதல் பதினொன்று வரை ஏற்ற நேரமாகும். வாரந்தோறும் ஒரே இடத்தில் நின்று எண்ணுக. வட்டமிடும் பறவையையே மீண்டும் எண்ணிவிடும் பிழை எளிதில் நேரும். அதனைத் தவிர்க்க, ஒரே நோக்கில் கண்டவற்றுள் மிகப் பெரிய தொகையை மட்டும் குறித்துக்கொள்க. வால் பிளவுபட்டிருப்பின் அது கரும்பருந்து. வால் முனை வட்டமாகவும், தலையும் மார்பும் வெண்மையாகவும், சிறகுகள் செந்நிறமாகவும் இருப்பின் அது செம்பருந்து. நம் ஊர்களில் கருடன் என்று கைகூப்பித் தொழப்படுவது இதுவே. ஐப்பசியை ஒட்டி வடக்கிலிருந்து பூனைப்பருந்துகள் வரத் தொடங்கும். அவை சிறகுகளைச் சற்றே மேல்நோக்கி ஏந்தி, புல்வெளி மீதும் ஏரிக்கரை மீதும் தாழப் பறக்கும். ஒரு பறவையும் தென்படாத நாளில் சுழி என்று எழுதத் தவறாதீர்கள். அந்நாளும் கணக்கில் சேர வேண்டும்.

ஓராண்டுக் குறிப்பு பெரிதாக ஒன்றையும் உணர்த்தாது. பத்தாண்டுக் குறிப்போ, பறவைகள் பெருகினவா குறைந்தனவா என்பதைக் காட்டும். அண்டை வீட்டுக் கன்னடப் பெரியவரிடம், 'ரண ஹத்து' என்று அவர்கள் வழங்கும் பாற்றினைக் கடைசியாக எப்போது கண்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலரால் ஆண்டைச் சொல்ல இயலாது. பருந்தைக் குறித்து நாளை நம் பிள்ளைகள் கேட்கும்போது, விடை நம் குறிப்பேட்டில் இருத்தல் வேண்டும்.