இழையிலே பிறக்கும் ஒளி

காரிமங்கலம் கடைவீதியில் இன்று ‘லேஸர்’ என்ற சொல் யாருக்கும் புதிதன்று. எனினும் அந்த ஒளியைப் பிறப்பிக்கும் சில்லு எந்நாட்டில் செய்யப்பட்டது என்று வினவினால், அந்நிய தேசத்தின் பெயரே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். நம்மவர் இத்துறையில் பிந்திப் புறப்பட்டவரல்லர். குறைகடத்தி லேஸர் அமெரிக்காவில் தோன்றியது 1962-இல். 1964 வாக்கிலேயே டிராம்பே அணுசக்தி நிலையத்தார் அதனைச் செய்து காட்டிவிட்டனர். அந்த வேகம் பின்னர் எங்கே போயிற்று?

இப்பொழுது மேல்நாட்டில் நடப்பதைக் கவனிப்போம். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். 2001-இல் பெர்க்லி சர்வகலாசாலையார், 20 முதல் 150 நானோமீட்டர் பருமனுள்ள துத்தநாக ஆக்ஸைடு இழைகளையே லேஸராக்கினர். இழையின் இரு முனைகளும் கண்ணாடிகளாகி ஒளியை முன்னும் பின்னும் ஓட்ட, அவ்வோட்டத்திலேயே ஒளி பெருகுகிறது. ஆனால் அது ஏற்றச் சாலிலிருந்து விட்டு விட்டு விழும் நீரைப் போன்றது. வாய்க்கால் போல் இடைவிடாது ஒளிரச் செய்தால் இழை சூடேறிக் கெடும். ஜெர்மனியில் ஜேனா நகரத்தார் 2013-இல் காட்மியம் ஸல்பைடு இழையில் இடையறா லேஸர் ஒளியைப் பெற்றனர். அதற்கும் பூஜ்யத்துக்குக் கீழ் 150 டிகிரி வரை குளிர் வேண்டியிருந்தது.

இதனினும் விந்தை ஒன்றுண்டு. இழை மெலிய மெலிய, ஒளியும் பொருளும் பிரித்தறிய வொண்ணாதபடி கலக்கின்றன. பென்ஸில்வேனியாவில் ரிதேஷ் அகர்வால் குழுவினர் 2011-இல் இதனை அளந்து காட்டினர். பெயரே நம் நாட்டை நினைவூட்டுகிறது, மகிழ்வதா, வருந்துவதா? பாதி ஒளியும் பாதி பொருளுமான இத்துகள்கள் ஒன்றாய்த் திரளும் விதியோ, 1924-இல் டாக்காவிலிருந்து ஸத்யேந்திர நாத் போஸ் வகுத்த கணக்கில் வேரூன்றியது!

இதற்கெல்லாம் மாபெரும் தொழிற்சாலை வேண்டுமென்பர் சிலர். முற்றும் சரியன்று. ஈய ஹாலைடு இழைகளைச் சாதாரண அறை வெப்பத்தில், கரைசலிலிருந்தே வளர்த்து லேஸராக்கலாமென்று 2015-இல் அமெரிக்கர் காட்டினர். ஈயம் நஞ்சாதலால் எச்சரிக்கை தேவை. ஆயினும் நல்ல ரஸாயனச் சாலையுள்ள கல்லூரிக்கு இது எட்டாத வேலையன்று. அளக்கும் கருவிகளுக்கே பெரும்பணம் வேண்டும்.

குறைகடத்தித் தொழிலுக்கென 2021-இல் இந்திய சர்க்கார் 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அங்கீகரித்தனர். காரிமங்கலத்தில் அரசினர் மகளிர் கல்லூரி ஒன்றுண்டு. அத்தகைய கல்லூரிகளுக்கும் இத்தொகையில் ஒரு சிறு பங்கு சேர வேண்டும். ஜில்லாவுக்கொரு பொது அளவைக் கூடமேனும் அமைக்கலாம். இவ்விஷயங்களைத் தமிழிலே விளக்கும் பாடநூல்களும் உடன் வர வேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தின்போது சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் இதனைக் கேட்குமாறு தர்மபுரிப் பிரதிநிதிகளை வற்புறுத்துகிறோம்.