கரந்துறைவும் கூத்துப் புகழும்: மணிமேகலையின் ஓர் உவமை

மணிமேகலையின் மூன்றாம் காதையாகிய மலர்வனம் புக்க காதையில் ஓர் உவமை வருகின்றது. மலர் கொய்தற்பொருட்டுச் சுதமதியுடன் புகார் நகரத்து வீதிவழியே உவவனம் நோக்கிச் செல்லும் மணிமேகலையை ஊர்மக்கள் ஆரவாரத்துடன் சூழ்ந்து கொள்கின்றனர். விராடனது நகரத்தில் பேடியாய் இருந்த விசயனைக் காணத் திரண்ட கூட்டத்தைச் சாத்தனார் இதற்கு உவமையாக்குகின்றார். தவநெறிக்கு உரியவள் எனத் தாயால் குறிக்கப்பெற்ற இளம்பெண் ஒருத்திக்குப் பேடிக்கோலம் பூண்ட வில்வீரன் தொடர்பான காட்சியை உவமை கூறியது ஏன்? கூட்டத்தின் மிகுதியைக் காட்டுவது மட்டுமே புலவர் கருத்தாயின், அதற்கு ஏற்ற உவமைகள் வேறு பல உள. இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் உவமத்தின் தோற்றமாக வினை, பயன், மெய், உரு என்னும் நான்கினைக் கூறுவர். மேலோட்டமாக நோக்கின், இஃது வினை பற்றிய உவமமே. அங்கும் மக்கள் சூழ்ந்தனர், இங்கும் சூழ்ந்தனர். மணிமேகலைக்குப் பழையவுரை கிடைக்கவில்லை. 1898ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் குறிப்புரையுடன் இந்நூலைப் பதிப்பித்தார். ஆதலின், இத்தகைய இடங்களில் காப்பியத்தின் போக்கையும் அதன் முன்னோடியாகிய சிலப்பதிகாரத்தையும் துணைக்கொண்டே நாம் பொருள் காண வேண்டியுள்ளது.

1. அரங்கின் இயல்பு

கூத்தியின் புகழ் காண்போர் கண்ணில் வாழ்வது. சிலப்பதிகார அரங்கேற்று காதை இதனைத் தெளிவாக உணர்த்தும். மாதவி ஏழாண்டுகள் பயின்று, 12ஆம் அகவையில் சோழ மன்னன்முன் அரங்கேறினாள். அவள் ஆடிய அரங்கு 8 கோல் நீளமும் 7 கோல் அகலமும் 1 கோல் உயரமும் உடையது; ஒரு கோல் என்பது 24 விரல் அளவு. தூண்களின் நிழல் அரங்கில் வீழாது புறத்தே போகுமாறு விளக்குகள் நிறுத்தப்பட்டன. ஆடுவோளின் மெய்ப்பாடு ஒன்றும் மறைதல் கூடாது என்பதே இவ்வமைப்பின் கருத்து எனலாம். அவ்வாறு வெளிப்பட நின்று ஆடியமையால் அவள் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றாள்.

ஆயினும் அதே அரங்கில் ஒருமுக எழினி, பொருமுக எழினி என்பவற்றோடு கரந்துவரல் எழினியும் இருந்தது. கரத்தலும் கூத்தின் ஓர் உறுப்பே. ஆனால் அஃது வெளிப்படுதற்பொருட்டுக் கரத்தல். எழினி நீங்கும் காலம் ஒன்று உண்டு என்னும் துணிவில் கரத்தல். வாழ்வின்கண் கரந்துறைவோர்க்கு அத்துணிவு இல்லை. அவர்க்கு எழினி நீங்குதல் கேடு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

2. விராட நகரத்துப் பேடி

பாண்டவர் 12 ஆண்டு காட்டிலும் 1 ஆண்டு பிறர் அறியாமலும் வாழ வேண்டும் என்பது சூதின் ஒட்டம். கரந்துறையும் ஆண்டில் அறியப்படின் மீண்டும் 12 ஆண்டு காடுறைய வேண்டும். இந்நிலையில் அருச்சுனன் மேற்கொண்டது எது? ஒருவரும் நோக்காத தொழில் அன்று. பலரும் நோக்கும் தொழில். அவன் பேடிக்கோலம் பூண்டு, விராடன் மகள் உத்தரைக்கு ஆடலும் பாடலும் கற்பிப்போன் ஆயினன். நாணேற்றி நாணேற்றித் தழும்பேறிய கைகளை வளையணிந்து மறைத்தான் என்று வியாச பாரதத்து விராட பருவம் கூறும். தழும்பு வீரத்தின் சான்று. வளை கூத்தின் அணி. ஒரு புகழைப் பிறிதொரு புகழால் மூடினான் என்க.

இதனால் விளைந்தது ஒரு முரண். கூத்து அவனை மறைத்தது. அக்கூத்தே அவனை நோக்கிக் கண்களை ஈர்த்தது. சாத்தனார் காட்டும் கூட்டத்தார் அவனைக் கண்டனர். விசயன் என்று அறிந்திலர். ஆண்டு நிறைந்தபின் ஆநிரை மீட்கும் போரில் அவனைக் காட்டிக் கொடுத்தது காண்டீவத்தின் நாணொலி. அதனைக் கேட்ட அளவில் துரோணர் அவன் யார் என உணர்ந்தார். கோலம் முகத்தை மறைக்கும், ஆற்றலை மறைக்கமாட்டாது.

3. உவமை நிற்கும் இடம்

இவ்வுவமை வரும் காதையில், அதற்குச் சற்று முன்னரே, புகார் வீதியில் பேடிக்கோலத்துக் கூத்து நிகழ்வதும் மக்கள் அதனைக் கண்டு நிற்பதும் கூறப்படுகின்றன. அது வாணன் நகரத்தில் காமன் ஆடியதாகிய பேடு என்னும் ஆடல். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் இந்திரவிழாவின்போது மாதவி ஆடிய பதினோராடலுள் அதுவும் ஒன்று. ஆகவே தாய் அரங்கில் பூண்டு களைந்த கோலம் ஒன்று, மகள் வீதியில் நடக்குங்கால் அவள்மேல் உவமையாய் வந்து படிகின்றது. புலவர் இதனைக் கருதியே அமைத்தார் என்று கொள்வதில் தவறில்லை.

ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது உவமையின் தலைமாற்றம். விசயன் தானே ஒரு கோலம் பூண்டான். மணிமேகலை எக்கோலமும் பூண்டிலள். ஊரே அவளுக்குக் கோலம் பூட்டுகின்றது. இந்திரவிழாவிற்கு மாதவியும் மணிமேகலையும் வாராமையால் ஊரில் அலர் எழுந்ததை இரண்டாம் காதை கூறும். குலத்தொழிலின் புகழை நாடி நிற்பவள் சித்திராபதி. மாதவியோ மணிமேகலையைத் தன் மகள் என்னாது கண்ணகியின் மகள் என்று கூறித் தவநெறிக்கு உரியளாக்கினாள். ஆயினும் வீதியில் கூடினோர் கண்டது கண்ணகியின் மகளை அன்று, மாதவியின் மகளையே. இத்தகைய அழகியைத் தவத்திற்கு விடுத்த தாய் கொடியள் என அவர் தூற்றினர். விசயனிடத்து உள்ளே வீரன், வெளியே கூத்தன். மணிமேகலையிடத்து உள்ளே தவத்தி, வெளியே ஊரார் காணும் கூத்தி. இரு கூட்டத்தாரும் கண்டும் அறியாதார். இவ்வறியாமையே உவமையின் உயிரான பொதுத்தன்மை என்பது நம் துணிபு.

4. பளிக்கறையும் வேற்றுருவும்

இக்கருத்திற்குப் பின்வரும் காதைகள் அரண் செய்கின்றன. உதயகுமரன் உவவனத்திற்கு வருதலை அறிந்த மணிமேகலை பளிக்கறையுள் புகுகின்றாள். அப்பளிக்கறையில் இருப்போரின் உருவம் புறத்தே தோன்றும். ஓசை புறத்தே வாராது. காணப்படுதலும் கேட்கப்படாமையும் ஒருங்கே அமைந்த இவ்விடத்தினும் பொருத்தமான அடையாளம் அவள் நிலைக்கு வேறில்லை. அரசிளங்குமரன் அவள் வடிவைக் காண்கின்றான். வாயில் காணாது சுவரைத் தடவி நிற்கின்றான். அவளது சொல் அவனை எட்டவில்லை. அவன் சென்றபின், தன்னை இழித்துரைத்த அவன்பின்னும் தன் நெஞ்சம் சென்றதென அவள் சுதமதியிடம் ஒப்புக்கொள்கின்றாள். புறத்தாரின் பார்வைக்கு அகத்தேயும் ஓர் இசைவு இருந்தது எனப் புலவர் மறையாது கூறுவது, இப்போராட்டத்தை எளிதாக்கிக் காட்ட அவர் விரும்பவில்லை என்பதை உணர்த்தும்.

மணிபல்லவத்தில் வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தைப் பெற்றபின், அவள் கரந்துறைதற்கு மெய்யாகவே ஒரு கோலத்தை மேற்கொள்கின்றாள். உலகவறவியில் உதயகுமரன் நெருங்கியபோது விஞ்சை மகளாகிய காயசண்டிகையின் வடிவைக் கொண்டாள். அவ்வடிவிலேயே சிறைக்கோட்டம் புகுந்து பசித்தோர்க்கு உணவளித்தாள்; அச்செய்தி அரசன் செவிக்கு எட்டியது; சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. பெற்ற புகழோ பெரிது. அது நின்றதோ பிறள் ஒருத்தியின் முகத்தில்.

விளைவு கொடியதாயிற்று. காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் அவ்வடிவைத் தன் மனைவி என்றே நம்பினான். அவள் தன்னை விலகி உதயகுமரனிடம் நிலையாமையை எடுத்துரைத்ததைக் கண்டு ஐயுற்றான். உதயகுமரனோ அவள் மணிமேகலையே என உய்த்துணர்ந்து, நள்ளிரவில் அம்பலம் புகுந்தான். காஞ்சனன் வாளால் அவன் வீழ்ந்தான். ஒருவன் கோலத்தை மெய்யென நம்பினான். மற்றவன் கோலத்தின் உள்ளிருப்பவளை அறிந்தான். இருவர் அறிவும் ஓரிடத்தில் மோதியபோது ஓர் உயிர் போயிற்று. அருச்சுனனின் கரந்துறைவு ஆண்டு முடிவில் வெற்றியாய் நிறைந்தது. மணிமேகலையின் கரந்துறைவு கொலையில் முடிந்தது. முன்னவனுக்குக் கோலம் களையும் நாள் குறிக்கப்பட்டிருந்தது. இவளுக்கு அத்தகைய நாள் இல்லை.

5. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. விராட நகரத்து உவமை கூட்டத்தின் அளவை மட்டும் குறிப்பது அன்று. கண்டும் அறியாத பார்வையைக் குறிப்பது. அரங்கின் கரத்தல் வெளிப்படுதற்கு வழியாகும். வாழ்வின் கரத்தலோ வெளிப்பட்டால் கெடும். இவ்விரண்டையும் ஒருங்கே மேற்கொள்வோர் தம் ஆற்றலாலேயே அறியப்படுவர். மூன்றாவதாக, கரப்பினால் விடுதலை இல்லை என்பதே காப்பியத்தின் தீர்ப்பு. இறுதிக் காதையில் மணிமேகலை பிறவி அறுதற்கு நோற்கின்றாள். அங்கே சூழ்ந்து நோக்கும் கூட்டமும் இல்லை. ஒளிதற்குப் பளிக்கறையும் இல்லை.

கூத்துக் குலத்தில் பிறந்த பெண்ணொருத்திக்குத் தன் முகத்தின்மேல் உரிமை உண்டா என்பது சாத்தனார் எழுப்பும் வினா. தாயின் புகழே மகளுக்குத் தளையாகும் நிலையை அவர் தம் காப்பியத்தின் தொடக்கத்திலேயே ஓர் உவமையில் பொதிந்து வைத்தார். சிலம்பின் கூத்து மரபையும் மேகலையின் துறவு மரபையும் தனித்தனியே ஆராய்வோர் பலர். இரண்டும் சந்திக்கும் இவ்விடத்தை இளம் ஆராய்ச்சியாளர் மேலும் விரிவாக நோக்குவராயின், இரட்டைக் காப்பியங்களின் உறவு இன்னும் தெளிவுறும்.