கடைசி வரிசையில் யார் உட்காருவது?

ஏழு சீட்டர் எஸ்யூவி வாங்க வரும் குடும்பங்களை ஷோரூமில் அரை மணி நேரம் நின்று கவனித்தால் போதும், கதை புரிந்துவிடும். அப்பா நேராகப் போய் ஸ்டீயரிங்கைப் பிடிப்பார். அம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஏசியைத் திருகிப் பார்ப்பார். பிள்ளைகள் சன்ரூஃப் பட்டனைத் தேடுவார்கள். தாத்தா நடு வரிசையில் சாய்ந்து, "வசதியாத்தான் இருக்கு" என்று சான்றிதழ் கொடுப்பார். விற்பனைப் பிரதிநிதி கடைசி வரிசையை ஒரு தடவை மடக்கி, ஒரு தடவை நிமிர்த்திக் காட்டிவிட்டு டிக்கியை மூடுவார். அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஐந்து சீட்டரை விட்டுவிட்டு ஏழு சீட்டருக்குப் போவதே அந்த வரிசைக்காகத்தான்!

என்னைக் கேட்டால், டெஸ்ட் டிரைவின்போது ஓட்டும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, பணம் கட்டப்போகிறவர் கடைசி வரிசையில் ஏறி உட்கார வேண்டும். நாலைந்து ஸ்பீடு பிரேக்கர் உள்ள தெருவாகப் பார்த்து வண்டியை விடச் சொல்ல வேண்டும்.

முதலில் ஏறுவதே ஒரு வித்தை. நம் ஊரில் இடது பக்கம்தான் சாலையோரம். அந்தப் பக்கத்து நடு சீட், லிவரைத் தூக்கியதும் அப்படியே முன்னால் கவிழ்ந்து மடிந்தால் வழி அகலமாகக் கிடைக்கும். சில வண்டிகளில் முதுகு மட்டும் சாய்ந்து, சீட் கொஞ்சம் முன்னால் நகரும், அவ்வளவுதான். கிடைக்கும் சந்தில் பட்டுப்புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து உடம்பைத் திருப்ப வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது ஆகவே ஆகாது. நடுவில் தனித்தனி சீட் இரண்டு வைத்த வண்டிகளில் இடையே புகுந்து போகலாம் என்பார்கள். அந்த இடைவெளியில் கப் ஹோல்டர், ஆர்ம் ரெஸ்ட் என்று எதையாவது கொண்டுவந்து வைத்திருந்தால் அதுவும் போச்சு.

உட்கார்ந்த பிறகு முழங்காலைப் பாருங்கள். பின் அச்சும் சஸ்பென்ஷனும் அடியில் இருப்பதால் அங்கே தளம் உயர்ந்திருக்கும். கூரையை அதற்கேற்ப உயர்த்த முடியாது. ஆகவே சீட்டைத் தளத்தோடு ஒட்டினாற்போல் வைத்துவிடுகிறார்கள். குத்தவைத்து உட்கார்ந்ததுபோல் முழங்கால் மேலே தூக்கிக்கொள்ள, தொடைக்குத் தாங்கலே இருக்காது. பத்து வயதுப் பையனுக்கு ஒன்றும் தெரியாது. ஐந்தரை அடி சித்தப்பாவுக்கு விழுப்புரம் வருவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நடு வரிசையை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இருந்தால் ஒரு சமரசம் செய்துகொள்ளலாம். நடுவில் இருப்பவர் நான்கு விரற்கடை விட்டுக்கொடுத்தால் பின்னால் இருப்பவர் பிழைப்பார். கொடுப்பாரா என்பது அந்தந்தக் குடும்பத்தின் சொந்த விவகாரம்.

பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்புக்கு வரும். வளைவுகளில் வண்டியின் வால் ஆடுவதும் அங்கேதான் அதிகம் தெரியும். ஜன்னல் கண்ணாடி சின்னது, இறங்கவும் செய்யாது. எதிரே முன் சீட்டின் முதுகு. உடம்பு ஆடுகிறது, கண்ணுக்குச் சாலை தெரியவில்லை. இந்த முரண்பாடுதான் குமட்டலைக் கிளப்புகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. பாதி வளைவு தாண்டுவதற்குள் ஓரங்கட்டி நிற்கும் வண்டிகளைப் பார்த்தால், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி வெளிறிய முகத்தோடு இறங்கி நிற்பது பெரும்பாலும் கடைசி வரிசை ஆட்கள்தான். மலை ஏறும் முன்பே இட மாற்றம் செய்துகொள்வது புத்திசாலித்தனம். "பின்னாடி காத்தே வரல" என்ற குரலும் எப்போதும் அங்கிருந்துதான் வரும். கடைசி வரிசைக்குத் தனி வென்ட் இருப்பது வேறு, அதற்கென்று தனி ப்ளோயர் இருப்பது வேறு. நடுப்பகல் வெயிலில் நிறுத்திவைத்த வண்டியில் ஏறிச் சோதித்தால் வித்தியாசம் தெரியும்.

வசதியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு விஷயத்தில்தான் நாம் கடைசி வரிசையைச் சுத்தமாக மறந்துவிடுகிறோம். ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தச் சோதனையில் பெரியவர் பொம்மைகளை முன் சீட்டிலும், குழந்தைப் பொம்மைகளை நடு வரிசையிலும் வைத்துத்தான் மோதவிடுகிறார்கள். மூன்றாவது வரிசை காலி. அங்கே உட்காருபவரின் தலைக்கும் டிக்கிக் கதவுக்கும் இடையில் ஒரு சாண்கூட இருக்காது. பின்னாலிருந்து லாரி ஒன்று இடித்தால் அதைத் தாங்க அங்கே என்ன இருக்கிறது? கர்ட்டன் ஏர்பேக் கடைசி ஜன்னல் வரை நீள்கிறதா, மூன்றாவது வரிசையின் எல்லா இடத்துக்கும் மூன்று முனை பெல்ட் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும். பதில் தெரியாத விற்பனைப் பிரதிநிதி மேனேஜரைக் கூப்பிடுவார். கூப்பிடட்டும்.

பெல்ட் இருந்தும் போடுகிறோமா என்பது அடுத்த கேள்வி. 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது, பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. கொஞ்ச நாள் எல்லோரும் பின்னால் பெல்ட் போட்டோம். மறுபடி மறந்தோம். பின் சீட்டில் இருப்பவரும் பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனாலும் அதே தொகை. ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் நடு வரிசையில்தான் இருக்கும் என்பதால், கைக்குழந்தையின் இருக்கையை அங்கே மாட்டிவிட்டால் அந்த சீட்டை மடக்கிப் பின்னால் போகும் வழி அடைபடும். இதையும் யாரும் ஷோரூமில் யோசிப்பதில்லை.

நான்கு மீட்டருக்குள் அடங்கும் சில வண்டிகளில் கடைசி வரிசை என்பது பக்கவாட்டில் எதிரெதிரே பார்த்த இரண்டு குட்டி சீட். அதற்கு வரிக்கணக்கு ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் நான்கு மீட்டருக்கு மிகாமலும் டீசல் இன்ஜின் 1,500 சிசிக்கு மிகாமலும் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவிகிதம். அதைத் தாண்டினால் 40. நீளத்தைக் குறைத்து, ஆட்களைக் குறைக்காமல் இருக்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் உட்கார வைப்பது ஒரு வழி. அப்படிப்பட்ட சீட்டுகளில் பெல்ட் இல்லாத வண்டிகளும் உண்டு. உள்ளூரில் தோட்டத்துக்குப் போய் வரச் சரி. நான்கு வழிச்சாலையில் நூறில் போகும்போது அங்கே பிள்ளைகளை உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

தமிழ்நாட்டில் ஆயுள் வரி வேறு இருக்கிறது. வண்டியின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவிகிதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20. 'எக்ஸ் ஷோரூம்' விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டியவர்கள் 'ஆன்ரோடு' விலையைக் கேட்டதும் ஒரு வேரியன்ட் கீழே இறங்குவது இதனால்தான். அப்படி இறங்கும்போது பறிபோகிறவற்றில் கூடுதல் ஏர்பேக்கும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை சிக்கல் இருந்தும் ஏன் வாங்குகிறோம்? அம்பாசடரில் பின்னால் ஐந்து பேரும் மடியில் மூன்று பிள்ளைகளுமாகக் குலதெய்வம் கோயிலுக்குப் போன சமூகம் இது. 1994-ல் டாடா சுமோ வந்தது. 2000-ல் குவாலிஸ், 2005-ல் இன்னோவா. முதலில் டிராவல்ஸ்காரர்களும் அரசியல்வாதிகளும்தான் வாங்கினார்கள். 2012-ல் நாஞ்சில் சம்பத்துக்கு ஜெயலலிதா இன்னோவா கொடுத்ததும், ஒரு காரின் பெயர் பேச்சாளரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட கதை தமிழ்நாட்டுக்கே தெரியும். 2011-ல் வந்த எக்ஸ்யூவி 500, ஏழு சீட்டரைச் சம்பளக்காரர்களின் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த வண்டிகளில் ஒன்று. அதையும், 2021-ல் வந்த எக்ஸ்யூவி 700-ஐயும் உருவாக்கிய ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு பக்கம்தான் இருக்கிறது. ஹூண்டாயின் அல்கஸார் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து எண்டெவர் வந்த காலமும் ஒன்று இருந்தது.

சரி, வாங்கியாகிவிட்டது. ஏழு பேரும் ஏறியாகிவிட்டது. பெட்டிகளை எங்கே வைப்பது? மூன்று வரிசையையும் நிமிர்த்திய பிறகு அல்கஸாரில் மிஞ்சுவது 180 லிட்டர் இடம். விமானத்தில் தலைக்கு மேல் வைக்கும் சின்ன டிராலிப் பெட்டி மூன்று நான்கு வைத்தால் தீர்ந்தது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் சீர்த்தட்டு, முறுக்கு டின், தாம்பூலப் பை எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். உடனே கூரையில் கேரியர் மாட்டி தார்ப்பாய் போட்டுக் கட்டுகிறோம். ஏற்கெனவே உயரமான வண்டி. உச்சியில் இன்னும் ஒரு மூட்டை ஏறினால் வளைவில் சாயும் போக்கு கூடும்.

ஓட்டுபவர் உணர வேண்டியதும் இந்த எடையைத்தான். வெறும் வண்டியே ஒன்றே முக்கால் டன் சொச்சம். ஏழு பேரும் பெட்டிகளும் சேர்ந்தால் இன்னும் அரை டன். தினமும் ஒற்றை ஆளாக அலுவலகம் போய்வந்த பழக்கத்தில், அதே தூரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் என்று கால் நம்பிக்கொண்டிருக்கும். வேகம் 80-லிருந்து 100 ஆனாலே பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் டயருக்கு எவ்வளவு காற்று, முழு பாரம் என்றால் எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கும் பையனிடம் "நாலுக்கும் முப்பத்திமூணு வைப்பா" என்று சொல்லிவிட்டுப் போகிற நமக்கு அந்த ஸ்டிக்கர் கண்ணில் படுவதே இல்லை.

மலையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். முன் சக்கரங்கள் இழுக்கும் வண்டியில் பின்னால் பாரம் ஏறி, செங்குத்தான ஏற்றமும் ஈரச் சாலையும் சேர்ந்தால், முன் சக்கரங்கள் பிடி இல்லாமல் வழுக்கிச் சுற்றும். பின் சக்கரம் தள்ளும் பழைய பாணி இன்னோவாவை மலைப்பாதை டிரைவர்கள் விடாமல் பிடித்திருந்ததற்கு இதுவும் காரணம். இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் வண்டியை 'டி'-யிலேயே விட்டுவிட்டு வழிநெடுகப் பிரேக்கை மிதித்தால், பத்தாவது வளைவில் பிரேக் கருகும் வாசனை வரும். மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாம் கியரில் இறங்கினால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது சட்டம். டிரைவர்கள் மத்தியில் அது மரியாதையும்கூட. ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்பதையும் கிளம்பும் முன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னொரு தமாஷ். ஏழு பேரும் நிறைந்திருந்தால் உள் கண்ணாடியில் சாலை தெரியாது, சொந்தபந்தங்களின் முகம்தான் தெரியும்.

டீசலா பெட்ரோலா என்ற வழக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று தினம் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு இன்றைய டீசல் ஒத்துவராது. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர், நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். இல்லையென்றால் அடைத்துக்கொண்டு டாஷ்போர்டில் விளக்கெரியும். மாதம் ஒரு தடவையாவது நெல்லைக்கோ கோவைக்கோ போய்வருகிறவர்கள் தாராளமாக டீசல் எடுக்கலாம்.

ஏழு சீட்டர் வாசலில் நின்றால் அது தெருவுக்கே தெரிந்துவிடும். "மாப்ளே, நாளைக்குப் பொண்ணு பார்க்கப் போறோம், வண்டியக் கொஞ்சம் குடு" என்று போன் வரும். கொடுத்தால், "டீசல் நாங்க போட்டுக்கறோம்" என்பார்கள்; முள் சிவப்பில் நிற்க வண்டி திரும்பி வரும். அதில் ஒன்பது பேர் போனார்களா, பத்துப் பேர் போனார்களா என்று கேட்க முடியாது. ஆர்சி புத்தகத்தில் 7 என்றால் டிரைவரையும் சேர்த்துத்தான். சும்மா கிடக்கிற வண்டிதானே என்று வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டால், விபத்தின்போது இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும்.

வாங்கும் முன் போன வருடத்துக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். அப்பா அம்மா, அண்ணன் குடும்பம் என்று ஒரே வீட்டில் இருந்து மாதாமாதம் சேர்ந்து கிளம்புகிறவர்களுக்கு இந்த வண்டி சம்பாத்தியம். வருடத்தில் பொங்கல், ஒரு கல்யாணம், கோடை விடுமுறை என்று மூன்று தடவைதான் ஏழு பேர் சேர்கிறீர்கள் என்றால், ஐந்து சீட்டரே போதும். அந்த மூன்று தடவைக்கும் கிலோமீட்டர் கணக்கும் டிரைவர் பேட்டாவும் கொடுத்து ஒரு இன்னோவாவைப் பேசிவிடலாம். கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் அப்பாவும் தூங்கிக்கொண்டே ஊர் வந்து சேரலாம்.