வேண்டாத துளைகள்

எங்கள் ஊர் சத்தியவேடு. 1960-ஆம் ஆண்டு எல்லை மாற்றத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைவிட்டு ஆந்திரத்துக்குச் சென்ற பகுதி. இப்போது திருப்பதி மாவட்டம். வீட்டிலே தமிழ், கடைத்தெருவிலே தெலுங்கு. எங்கள் கிணற்றடியில் ஒரு டீசல் எஞ்சின் இருந்தது. ஒருநாள் அதன் எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டர் உடைந்தது. "மீட்டர் இல்லாவிட்டால் தண்ணீர் வராதா என்ன?" என்று சொல்லி, என் தந்தையார் அதைக் கழற்றிவிட்டு, துளையிலே துணி சுற்றிய மரத்தக்கையை அடித்துவைத்தார். மூன்று நாள் ஓடிற்று. நான்காம் நாள் தக்கை தெறித்தது. எண்ணெய் முழுதும் வெளியே பாய்ந்து, எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. நெல் கதிர் பிடிக்கும் சமயம். பிறகு என்ன ஆகியிருக்கும் என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தக்கை மறுபடியும் என் நினைவுக்கு வந்தது, கொட்டகையிலே தம் கையால் விமானம் கட்டும் நண்பர் ஒருவருக்கு ஒத்தாசையாகச் சென்றபோது. (வியக்க வேண்டாம். சென்னையில் ஓட்டல் நடத்திய டாஞ்சலிஸ் என்பவர், தாம் வகுத்தபடி சிம்சன் கம்பெனியாரைக் கொண்டு விமானம் கட்டுவித்து, 1910-லேயே பல்லாவரத்தில் பறந்திருக்கிறார்.)

நண்பருடையது லைகாமிங் ஓ-320 எஞ்சின். அதிலே எத்தனை துளைகள்! ஒரே எஞ்சின் பலவகை விமானங்களுக்குப் போவதால், எல்லோருக்கும் வேண்டியதைத் துளைத்தே அனுப்புகிறார்கள். நமக்கு வேண்டாதவற்றை நாம்தான் அடைக்க வேண்டும். வரும்போது அவற்றில் நிறம் நிறமாய்ப் பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும். அவை வழியில் தூசி நுழையாமல் காப்பதற்கே. எஞ்சின் சூட்டில் நில்லா.

எங்களை ஏமாற்றியதும் அப்படியொரு மூடிதான். முதன்முறை ஓட்டியபோது, வேகத்தில் எஞ்சின் ஒழுங்காகவே பாடிற்று, மெதுவாக்கினால் தடுமாறிற்று. காரணம் இதுதான்: வேகத்தைக் குறைக்கையில் காற்று வழி சுருங்குகிறது, சிலிண்டர்களுக்குச் செல்லும் குழாய்களில் உறிஞ்சல் மிகுகிறது. அங்கே அடைபடாத துளை இருந்தால், அதன் வழியே கள்ளக் காற்று புகுந்து, அந்தச் சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் போதாமற் செய்துவிடும். மூன்றாம் சிலிண்டரின் தலையில், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பப் பெட்ரோல் பீய்ச்சும் துளையிலே, மஞ்சள் மூடி பல்லிளித்துக்கொண்டிருந்தது!

எண்ணெய்த் துளையின் கதை நேர்மாறு. அங்கே உள்ளிருந்து வெளியே தள்ளும். ஓடும் வேகத்தில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டுக்கு மேல் அழுத்தம். இருப்பதோ ஏறத்தாழ ஏழரை லிட்டர் எண்ணெய். அதற்கு உலோகத் திருகு அடைப்பே தகும். அதன் மரை கூம்பி வருவது. திருகத் திருக ஆப்புப்போல் இறுகும். "இன்னும் ஒரு சுற்று" என்று வீரம் காட்டினால் அலுமினிய உடல் விரிந்துவிடும். மரைக்குப் பசை தடவும்போது முனையின் முதல் மரையை விட்டுவிட வேண்டும். குழாய்க்காரர் சுற்றும் வெள்ளை நாடா கூடவே கூடாது. அதன் துணுக்கு எண்ணெய் வழியை அடைத்தால், துளையை அடைத்துப் பயன் என்ன? கார்க் கடை மூடியும் ஆகாது. விமானக் குழாய் முனையின் சரிவு 37 பாகை, காருக்குப் பெரும்பாலும் 45; மரை பொருந்தினாலும் வாய் பொருந்தாது.

படத்தை விரித்துத் துளைகளை ஒவ்வொன்றாய் எண்ணி அடைத்தோம். அடைப்புக்கும் உடலுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தோம். அடைப்பு அசைந்தால் கோடு விலகிக் காட்டும். மறுபடி ஓட்டி நிறுத்தி, டார்ச்சும் கண்ணாடியுமாய்ப் பார்த்தபோது, பின்புறத்து அடைப்பு ஒன்றின் கீழே மட்டும் ஈரம். கோடு விலகவில்லை.

"தம்பி, கழற்று" என்றார் நண்பர். பசை முழுதும் துடைத்து, முதலிலிருந்து செய்தோம்.